பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை

ஜெனரேட்டர் சரியானபோது மணி பத்து முப்பத்திரண்டு. ஒரு பத்து நிமிடம் முந்தியிருந்தால் முதல் ஷாட் முடிந்து, எல்லோரும் கைதட்டி, லட்டு டப்பா சுற்றி வந்து, வர்ணிகாவும் பாதி லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. இனி பன்னிரண்டு அடிக்கும்வரை கேமராவை ஒருவரும் தொடமாட்டார்கள். லைட் எரிகிறது, ஏசி ஓடுகிறது, ஐம்பது அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். வளசரவாக்கத்தில் ஷூட்டிங்குக்கென்றே வாடகைக்கு விடுகிற மாடி வீடு அது. அவளுக்கு மேக்கப் ரூம் என்று கொடுத்திருந்தது அந்த வீட்டுக் குழந்தையின் படுக்கையறையை. சுவரில் பதினாறாம் வாய்ப்பாடு வரை அச்சடித்த பெரிய தாள் ஒட்டியிருந்தது. காலை ஆறரைக்கு முகத்தில் பூசியது. கொசுவம் கலையக்கூடாது என்று முதுகைச் சாய்க்காமல், உதட்டுச் சாயம் போய்விடுமே என்று தண்ணீரை ஸ்ட்ராவில் உறிஞ்சி, நான்கு மணி நேரமாக முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் ஒரு பொருட்டா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொருட்டுதான். ஒன்பது வருஷத்தைவிட இந்த ஒன்றரை மணி நேரம் நீளம். ஒன்பது வருஷத்தில் கேமரா எங்கேயோ இருந்தது. இப்போது ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

முதல் ஷாட் அவளுடையது. அவள் கேட்டு வாங்கியதில்லை, கதை அப்படி அமைந்துவிட்டது. இந்தத் தொழிலில் முதல் ஷாட்டில் பேசும் வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்க வேண்டும். போ, இல்லை, செத்தான் என்றெல்லாம் ஆரம்பிக்கமாட்டார்கள். டைரக்டர் குமரகுரு எழுதியதில் நல்ல வார்த்தை முழுசாக இருந்தது ஒரே காட்சியில்தான். வெளியூர் போய்த் தோற்றுத் திரும்பி வருகிற தங்கை வாசலில் நிற்கிறாள். அக்கா கதவைத் திறக்கிறாள். 'வாம்மா. உள்ள வா. இனிமே எல்லாம் நல்லதே நடக்கும்.' அவ்வளவுதான் வசனம். படத்தில் பாதிக்கு மேல் வரவேண்டிய காட்சியை இதற்காகவே முதல் நாள் எடுக்கிறார்கள். வாசலுக்கு வெளியே கேமரா. கதவு திறந்ததும் அக்காவின் முகம். ராத்திரி படுக்கையில் அந்த மூன்று துண்டு வசனத்தை அவள் நூறு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். இந்த வேடிக்கையும் அவளுக்குப் புரியாமல் இல்லை. கோடம்பாக்கத்திலேயே ராசியில்லாதவள் என்று பெயர் எடுத்தவளின் வாயால் எல்லாம் நல்லதே நடக்கும் என்று சொல்லவைத்துப் படத்தைத் தொடங்குகிறான் அந்தப் பையன். தைரியசாலியா, விவரம் தெரியாதவனா என்று அவளால் இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லை.

காலையில் பூஜை நடந்தபோது அவள் இந்த அறையில்தான் இருந்தாள். புரொடக்‌ஷன் மேனேஜர் வரதன் நேற்றே போனில் சொல்லிவிட்டார், நீங்க பூஜைக்கு அலைய வேண்டாம் மேடம், நேரா மேக்கப்புக்கு வந்துடுங்க என்று. அலைய வேண்டாம். பக்கத்து ஹாலுக்கு நடப்பது எத்தனை மைல் அலைச்சல். மணி அடிக்கும் சத்தமும் கற்பூர வாசனையும் கதவுக்கு அடியில் வந்தன. கன்னத்தில் போட்டுக்கொண்டாள், மேக்கப் கலையாமல், விரல் நுனியால். அதற்குப் பிறகு ட்ராலி நகர்கிற சத்தம், எலுமிச்சம்பழம் நசுங்கியிருக்கும், யாரோ சிரித்தார்கள், அவள் எழுந்து நின்றுகொண்டாள், இதோ கூப்பிடப்போகிறார்கள் என்று, அப்போதுதான் விளக்கு போயிற்று. மணி பத்து ஐந்து. இருட்டில்லை, ஜன்னல் வெளிச்சம் இருந்தது. வெளியே ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அறுபது பேர் சேர்ந்தாற்போல் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு சத்தம் உண்டு, அது அவளுக்குப் பழக்கமான சத்தம். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் பார்வையை வைத்தாள். பதின்மூன்று, இருபத்தாறு, முப்பத்தொன்பது. ஜெனரேட்டர் என்பது டீசலில் ஓடுகிற இயந்திரம். அதற்கு அவள் யார் என்று தெரியாது. ஐம்பத்திரண்டு. அறுபத்தைந்து.

மூன்று படம். முதல் படம் 'எட்டாம் நம்பர் படகு'. வெளியான வெள்ளிக்கிழமை பெய்யத் தொடங்கிய மழை ஒன்பது நாள் விடவில்லை. தியேட்டருக்குள் வந்தவர்களைவிட தியேட்டருக்குள் வந்த தண்ணீர் அதிகம். அதில் அவள் நன்றாக நடித்திருக்கிறாள் என்று இரண்டு பத்திரிகையில் எழுதினார்கள். இரண்டாவது படம் ஹீரோவுக்கும் வினியோகஸ்தருக்கும் சண்டையாகி, போஸ்டர் ஒட்டாமல், ஒரு செவ்வாய்க்கிழமை திருட்டுத்தனமாக வெளியாகி வியாழக்கிழமை காணாமல் போனது. மூன்றாவது படம் மழையும் இல்லாமல் சண்டையும் இல்லாமல், சும்மாவே ஓடவில்லை. கதை நன்றாக இல்லை. அதை யாரும் சொல்லவில்லை. மூன்றிலும் ஒரே ஹீரோதான். அவனுக்கு நாலாவது படம் வந்தது, ஓடியது, இப்போது அவன் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கிறது. படம் ஓடாவிட்டால் ஹீரோவுக்கு நேரம் சரியில்லை என்பார்கள். ஹீரோயினுக்கு ராசியில்லை என்பார்கள். நேரம் மாறும், கிரகம் நகரும், பரிகாரம் உண்டு. ராசி அப்படியில்லை, உடம்போடு ஒட்டியது, மச்சம் இருப்பதுபோல. இதை எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானித்தார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு எழுத்தைக் கூட்டினால் சரியாகும் என்றார் எண் கணிதக்காரர் ஒருவர், கூட்டினாள். வர்ணிகா என்பதே சினிமாவுக்கு வைத்த பெயர்தான். சீர்காழியில் அவள் மங்கையர்க்கரசி, வீட்டில் அரசி. எழுத்தைக் கூட்டியபிறகு வந்தது ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போட நேரம் அதிகமானதைத் தவிர.

கதவைத் தட்டிவிட்டு கன்னியப்பன் வந்தார், கையில் பவுடர் பஃப்போடு. முப்பது வருஷ மேக்கப்காரர், அவளுடைய மூன்றாவது படத்திலும் இவர்தான். நெற்றியில் ஒற்றினார், கழுத்தில் ஒற்றினார், சும்மா இருக்கும் கைக்கு ஒரு வேலை.

"வேக்குது பாரு. ஏசி ஓடுது, அப்பவும் வேக்குது. இன்னாத்துக்குமா நெஞ்சுல இம்மாம் பாரம்?"

"ஒண்ணுமில்லண்ணே. வெளிய என்ன பேசிக்கிறாங்க?"

"இன்னா பேசுவாங்க. டிபன்ல பொங்கல் காலின்னு பேசறாங்க."

"ஜெனரேட்டர் பத்தி?"

கன்னியப்பன் பஃப்பைத் தட்டினார். தூள் பறந்தது. "ஜெனரேட்டருன்னா நிக்கத்தான் செய்யும். போன வாரம் வேற படத்துல மூணு வாட்டி நின்னுது. அங்க நீயா இருந்த? கண்ண மூடு, இமைல ஒரு தொடு தொட்டுக்கறேன்."

கண்ணை மூடினாள். அந்த விரல்களின் வாசனை மாறவில்லை, பான்கேக் மேக்கப்பும் பீடியும். அங்க நீயா இருந்த என்றார். அப்படியானால் வெளியே பேசுகிறார்கள். பேசாவிட்டால் இவர் ஏன் அதைச் சொல்லவேண்டும். நல்ல மனுஷன், ஆறுதல் சொல்லத் தெரியாமல் உளறிவிட்டுப் போகிறார். போகும்போது கதவைச் சாத்தவில்லை. சாத்தச் சொல்லலாமா என்று நினைத்து, வேண்டாம், திமிர் என்பார்கள் என்று விட்டுவிட்டாள். அது அவளுடைய இரண்டாவது பெயர். ராசியில்லாதவள் என்பது படங்கள் கொடுத்த பெயர். திமிர் அவளே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. மூன்றாவது படம் வெளியான மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வெற்றி விழா வைத்தார்கள். எல்லோரும் வைப்பதுதான். தியேட்டரில் ஈ ஓட்டினாலும் மூன்றாம் நாள் கேக் வெட்டி மாலை போட்டு, மக்கள் கொண்டாடுகிறார்கள் என்று மைக்கில் சொல்லவேண்டும். சொன்னால் அடுத்த வாரத்துக்கு நாலு பேர் நம்பி வருவார்கள் என்று ஒரு கணக்கு. அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கவா வேண்டும், கண்ணில்லையா என்று பின்னால் அம்மாவே திட்டினாள். முந்தின நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தியேட்டரில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு படம் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பதினாலு பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் தூங்கினார்கள். மேடையில் ஒரு நிருபர் கேட்டார், எப்படி இருக்கு மேடம் ரெஸ்பான்ஸ் என்று. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், 'படம் போகலைன்னு உங்களுக்கே தெரியுமே சார், கேக் நல்லா இருக்கு, சாப்பிட்டுப் போங்க.' விளையாட்டாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். தயாரிப்பாளர் கதிரேசனும் சிரித்தார், கையில் கேக் வெட்டிய கத்தியோடு, கண் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று வாரத்தில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். மாலையோடு போனாள். பந்தலுக்குள் நுழையும்போது, செருப்பை விடும் இடத்தில், ஒரு பெண் குரல், மெதுவாகக்கூட இல்லை: 'வந்துட்டா பாரு. கால வச்ச எடம் வெளங்குமா.' யாருடைய குரல் என்று திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருக்கலாம். ஒரு முகம் தெரிந்திருந்தால் அந்த ஒருத்தி சொன்னாள் என்று ஆகியிருக்கும். முகம் தெரியாததால் ஊரே சொன்னதாக ஆகிவிட்டது. தொண்ணூற்றொன்று. பதின்மூன்றேழு தொண்ணூற்றொன்று. நூற்று நான்கு.

கதிரேசன் சாருக்கு ஏற்கெனவே இரண்டு அடைப்பு இருந்தது. அது பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய. ஊர் நம்பியதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை, ஊர் எதையும் நம்பும், ஒரு வாரம் கழித்து வேறொன்றை நம்பும். அவளே நம்பத் தொடங்கினாளே, அதுதான் நாசமாய்ப் போனது. எந்த நாள் என்று சொல்லமுடியாது. கூடப்பிறந்த தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசல்வரை போய், வண்டி நிறுத்த இடமில்லை என்று போனில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். எல்லோரும் பார்த்தபிறகு பார்க்கலாம், முதலில் நாம் வேண்டாம் என்று. நகைக்கடைத் திறப்புக்குக் கூப்பிட்டுவிட்டு, அப்புறம் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை, ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது, அந்தக் கடை பிழைத்துப் போகட்டும் என்று. சீரியலில் வில்லிக்கு அண்ணியாக நாற்பது நாள், கேமரா எப்போதும் வில்லி முகத்தில். அதற்கப்புறம் குரல் மட்டும். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு வங்கிக்காக அவள் பேசியதைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டுக் கடுப்பாகியிருக்கிறது. அதிலாவது ராசி பார்க்கவில்லை. ஒருநாள் அவளே அந்த வங்கிக்குப் போன் செய்தாள், ஏதோ கார்டு விஷயம், அவள் குரலே அவளைக் காத்திருக்கச் சொன்னது. ஏழு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் பேசியிருக்கிறோம் என்று தோன்றியது. 'முக்கியமானது' என்ற இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வைத்திருந்தாள், யாருக்குத் தெரியும் அது.

பிறகு இரண்டு மாதத்துக்கு முன்னால் குமரகுரு வந்தான். முப்பதுகூட ஆகாத பையன். "உங்க ரெண்டாவது படத்த காலேஜ் படிக்கிறப்ப தியேட்டர்ல பார்த்தேன் மேடம். என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். நீங்க கெணத்தடியில ஒண்ணுமே பேசாம நிப்பீங்களே, அந்த ஒரு நிமிஷம்… அதுக்காகத்தான் வந்தேன்," என்றான். அவளுக்குக் கைகால் ஓடவில்லை. அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்த ஒருவன் இருந்திருக்கிறான். இத்தனை வருஷம் எங்கேயோ இருந்துகொண்டு அதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறான். காபி கொடுக்க மறந்துபோய், அவன் படியிறங்கியபிறகு நினைவு வந்து, ஜன்னலில் நின்று அவன் பைக்கை உதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிலைப்படியில் நிழல் விழுந்தது. தங்கையாக நடிக்கிற பெண், நக்ஷத்ரா. இருபத்திரண்டு வயது, கோயமுத்தூர். தோளில் கதைக்கான பழைய பை, முகத்தில் பயணக்களைப்பு மாதிரி கன்னியப்பன் பூசிய கறுப்பு. படிக்கு வெளியே நின்றாள், உள்ளே கால் வைக்கவில்லை.

"சும்மாதானுங்க்கா இருக்கறீங்க?"

"சும்மாதான். உள்ள வாயேன்."

அந்தப் பெண் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இல்லீங்க்கா… அம்மா வந்து, முதல் ஷாட் முடியற வரைக்கும்…" என்று ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் பையின் வாரைத் திருகினாள்.

"அம்மா சொன்னா கேட்டுக்கோ. ஷாட் முடியட்டும், பேசிக்கலாம்."

போவாள் என்று நினைத்தாள். போகவில்லை. செருப்பு நுனி சரியாகப் படியின் விளிம்பில் நின்றது, கோலிக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற குழந்தை மாதிரி.

"எனக்கு ரெண்டு படமும் ஓடலீங்க்கா. இது மூணாவது. எங்க சித்தி மூணாவதுதான் கணக்குன்னாங்க. உங்களுக்கு… எப்படீங்க்கா தெரிஞ்சுது? இனிமேல் கூப்பிடமாட்டாங்கன்னு?"

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கோபம் வரவேண்டும் போலிருந்தது, வரவில்லை. "யாரும் சொல்லமாட்டாங்கம்மா. போன் அடிக்கிறது கொறையும். நாம போன்ல கோளாறுன்னு நெனச்சு சிம்ம மாத்துவோம். பழைய நம்பர்ல கூப்பிட்டிருப்பாங்களோன்னு மறுபடி பழைய சிம்மப் போடுவோம்," என்றாள். சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள், பாடம் கேட்டுக்கொண்டவள்போல். வெளியே யாரோ "பாப்பா" என்று கூப்பிட, போய்விட்டாள்.

பதினொன்று பத்து. அந்தப் பெண்ணின் கண் அவளுக்குள்ளேயே நின்றது. அந்தக் கண்ணைக் கேமரா விரும்பும். அது யாரை விரும்பும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. அவளை விரும்பியிருக்கிறது, பொய்யில்லை, அவளுக்குத் தெரியும். அம்மா பார்த்தால் குறை தெரியும், ஆண்கள் பார்த்தால் உடம்பு தெரியும், தயாரிப்பாளர் பார்த்தால் வசூல் தெரியும். அந்தக் கறுப்புக் கண்ணாடி வட்டம் பார்க்கும்போது மட்டும் ஒன்றும் கேட்காமல் பார்க்கும். லைட் சூட்டில் கன்னம் இழுக்கும், யாரோ நாடா பிடித்து மூக்கிலிருந்து லென்ஸுக்கு அளப்பார்கள், 'ஸ்டார்ட்' என்றதும் அறுபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், அந்த அமைதியில் அவளுக்குள் ஏதோ எழுந்து முகத்துக்கு வரும். அது அவளா வேறு யாராவதா என்று தெரியாது. அது வருவதற்காகத்தான் சீர்காழியிலிருந்து வந்தாள். புகழ் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், கார், பங்களா. அதெல்லாம் இருந்தால் யார் வேண்டாம் என்பார்கள். ஆனால் இந்த ஒன்பது வருஷமும் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்த்து அவள் ஏங்கியது அதற்கில்லை. முகத்தில் வந்து வந்து, பார்க்க ஆளில்லாமல் திரும்பிப் போன அதற்குத்தான். வேண்டும். ஒரே ஒரு தடவையாவது வேண்டும். பிறகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் சரி. அப்படி நினைத்ததும் பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓடாவிட்டாலும் என்று நினைக்கலாமா, இந்த நேரத்தில், இந்த வீட்டில். ஓடவேண்டும். அந்தப் பையனுக்காக ஓடவேண்டும். அந்தப் பெண்ணுக்காக. மூணாவதுதான் கணக்கு.

பதினொன்று நாற்பதுக்கு வரதன் வந்தார். இருபது வருஷமாகப் பல கம்பெனியில் மேனேஜர், கெட்ட சேதி சொல்லும்போது குரல் தேனாகிவிடும். அவர் உட்கார்ந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சாப்பிட்டீங்களா மேடம்? ஒண்ணுமில்ல, ஒரு சின்ன சங்கடம். முதலாளி வீட்டம்மா பூஜைக்கு வந்திருக்காங்க இல்லையா. ஜெனரேட்டர் நின்னதுல மனசு கொழப்பம். பெரியவங்க, நாம என்ன சொல்றது. முதல் ஷாட்டுல மட்டும் உங்க முகம் வேணாமேங்கறாங்க."

"அப்ப நான் போயிடவா?"

"ஐயய்யோ, போறதாவது. நீங்கதான் நிக்கறீங்க, நீங்கதான் வசனம். கேமராவ ஹாலுக்குள்ள, உங்க முதுகுக்குப் பின்னால வச்சிக்கறோம். கதவு தொறந்ததும் பாப்பா முகம் வரும். மதியத்துக்கு மேல உங்க க்ளோசப் தனியா எடுத்துக்கலாம்னு டைரக்டர் சொல்லிட்டாரு. அவரு ஒரேயடியா சண்டை போட்டாரு மேடம், படமே வேணாம்னாரு. நாந்தான் சமாதானம் பண்ணி…"

அவர் பேசிக்கொண்டே போனார். பதின்மூன்று, இருபத்தாறு. மதியத்துக்கு மேல் எடுத்தாலும் எடுப்பார்கள். எடுக்காமல் நாளைக்கு என்றால் நாளைக்கு. நாளைக்கு அக்கா வேடத்துக்கு வேறு முகம் வந்தால், முதல் ஷாட்டில் இருப்பது வெறும் முதுகுதானே, எந்த முகத்தோடும் ஒட்டிக்கொள்ளும். இதை வரதனும் யோசித்திருப்பார், யோசிக்காத ஆளா. எழுந்துபோய்ப் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்கலாம். திமிர் என்பார்கள், புதிதாகவா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த அந்தப் பெண், மைக்கைப் பிடித்துக் கேக் நல்லா இருக்கு என்று சொன்னவள், இந்நேரம் தெருமுனை தாண்டியிருப்பாள். அவளை நினைத்தால் பொறாமையாக இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நாளை மறுநாள் போன் அடிக்கும் என்று நம்பிக்கை இருந்தது. இவளுக்கு அது இல்லை. அதற்கும் அடியில் இன்னொன்று, சேறு மாதிரி, கையை விட்டால் வழுக்குகிற ஒன்று: அந்த அம்மாள் சொல்வதுதான் சரியோ. உண்மையிலேயே நம் முகம் முதலில் படாமல் இருந்தால் நல்லதோ. நக்ஷத்ரா பிழைத்துப்போவாளோ.

"சரி," என்றாள். "முதுகுன்னா கொண்டையில பூ இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்க. பின்னாலதானே பாக்கப்போறாங்க."

வரதனுக்கு அவள் கேலி செய்கிறாளா என்று புரியவில்லை. பூவுக்குச் சொல்கிறேன் என்று எழுந்து போனார்.

பன்னிரண்டு அடித்து மூன்று நிமிடத்தில் கூப்பிட்டார்கள். ஹாலில் கேமரா வாசலைப் பார்த்து நின்றது. காலையில் வாசலுக்கு வெளியே நின்றதன் அடையாளமாக அங்கே தரையில் சாக்பீஸ் கோடு மட்டும் இருந்தது. குமரகுரு அவள் முகத்தைப் பார்க்காமல், "சாரி மேடம்," என்றான். "நீங்க… எப்பவும்போல பண்ணுங்க." எப்பவும்போல. கன்னியப்பன் வந்து முகத்தில் பஃப்பை ஒற்றினார், கடைசியாக ஒருமுறை, பொறுமையாக, இமை, மூக்கு நுனி, மோவாய். கேமரா பார்க்கப்போகாத முகத்துக்கு. மூலையில் பட்டுப்புடவையில் ஒரு அம்மாள் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கெட்டவளாகத் தெரியவில்லை. பயந்தவளாகத் தெரிந்தாள். கதவருகே போய் நின்றாள் வர்ணிகா. முதுகில் லென்ஸை உணரமுடிந்தது, குளிர்காலத்தில் யாரோ பின்னால் அடுப்பைப் பற்றவைத்ததுபோல். கிளாப் பலகை தட்டியது. அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அமைதி. கடவுளே, அதே அமைதிதான், ஒன்பது வருஷமாக எங்கே வைத்திருந்தார்களோ, கொஞ்சமும் கெடாமல் அப்படியே இருக்கிறது. தாழ்ப்பாளை எடுத்தாள். கதவு திறந்தது. வாசலில் அந்தப் பெண் பையோடு நின்றாள், செருப்பு நுனி நிலைப்படியின் விளிம்பில், காலையில் மேக்கப் ரூம் வாசலில் நின்ற அதே மாதிரி.

வந்துவிட்டது. அவள் கூப்பிடவில்லை, அதுவாக எழுந்து முகத்துக்கு வந்தது. முதுகுப் பக்கம் இருக்கிறதே கேமரா, இப்போது வந்து என்ன பயன் என்று அதற்குச் சொல்லமுடியவில்லை. எதிரே இருப்பது ஒரு ஜோடிக் கண்தான். அந்தக் கண்ணைப் பார்த்து, "வாம்மா," என்றாள். ராத்திரி சொல்லிப்பார்த்த நூறு விதத்தில் ஒன்றுமில்லை அது. "உள்ள வா." அந்தப் பெண்ணின் முகம் கலைந்தது. நடிப்பாக ஆரம்பித்தது, பாதியில் நடிப்பு தீர்ந்துபோயிற்று. வலது காலை முதலில் வைத்து நிதானமாக வரச் சொல்லியிருந்தார்கள். எந்தக் கால் என்று பார்க்காமல் தாண்டி வந்து, பையைப் போட்டுவிட்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முதலில் வரவேண்டிய அந்த இளம் முகமும் வர்ணிகாவின் தோளுக்குள் புதைந்துவிட்டது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போது காதுக்குள், மூச்சாக, டப்பிங்கில் பேசிக்கொள்ளலாம் என்கிற தைரியத்தில், அந்தப் பெண் சொன்னாள்:

"திரும்பிக்கோங்க்கா."

என்ன என்று புரிவதற்குள் அவள் உடம்பை அந்த மெல்லிய கைகள் திருப்பின, அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு ஆடுகிற ஆட்டம் மாதிரி, அரை வட்டம். இப்போது அந்தப் பெண்ணின் முதுகு கேமராவுக்கு. வர்ணிகாவின் முகம் அவள் தோளில், குனிந்து. நிமிர்ந்தால் லென்ஸ். குனிந்தே இருந்தால் ஒன்றுமில்லை, நல்ல பிள்ளை என்பார்கள், மதியம் க்ளோசப்பும் கிடைத்தாலும் கிடைக்கும். பட்டுப்புடவைக்காரியின் முணுமுணுப்பு நின்றுபோனது தெரிந்தது. வரதனின் செருப்பு ஒரு அடி முன்னால் வந்து நின்றது. பைத்தியக்காரப் பெண்ணே, உனக்கு மூணாவது படம், ஓடாவிட்டால் உன்னையும் சேர்த்துச் சொல்வார்கள், அவள் முகத்தை முதலில் காட்டியது நீதான் என்பார்கள், உன் போனும் அடிக்காது, தெரிந்தா செய்தாய். தெரிந்துதான் செய்திருக்கிறாள். கழுத்தைக் கட்டிய கையை விடவில்லை. ராசியில்லாதவள் என்று நம்புகிற யாரும் இத்தனை இறுக்கமாகக் கட்டிக்கொள்ளமாட்டார்கள். கதிரேசன் சார், நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு அடைப்பு.

அவள் முகத்தை நிமிர்த்தினாள். அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலே அது இருந்தது, கறுப்பாக, வட்டமாக, ஒன்றும் கேட்காமல்.

"இனிமே," என்றாள். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டாள். "இனிமே எல்லாம் நல்லதே நடக்கும்."

கட் என்று யாரும் சொல்லவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.